வாய்க்கால் பாலத்தில் நிற்கும் ஹோபார்ட்

சின்னமனூர் வழி
10 மே 2009

அன்புள்ள தம்பி சூரியபிரகாஷுக்கு, அக்கா தேவயானி எழுதுவது.

இங்கே நானும் உன் மச்சானும் சுகம். உடம்பைப் பொறுத்தவரை சுகம் என்று திருத்தி வாசித்துக்கொள். நீயும் ஹேமாவதியும் குழந்தை விஜியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடுகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. வாழை இந்த முறை காற்றுக்குத் தப்பிவிட்டது. போன வாரம் மேகமலைப் பக்கம் நல்ல மழை. கடிதம் என்றால் முதலில் இவற்றை எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் மச்சான் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால், பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் விஜய்பாண்டி நாம் தட்டச்சு செய்யும்போதே பின்னால் நின்று படித்து, "டீச்சர், இந்த எடத்துல இன்னுங் கொஞ்சம் காட்டமா எழுதுங்க" என்று யோசனை சொல்கிறவர். அவர் காதுக்குப் போன செய்தி சாயங்காலத்துக்குள் கம்பத்தைத் தாண்டிவிடும். தபால்காரர் ஒருவர்தான் இந்த ஊரில் அடுத்தவர் கடிதத்தைப் படிக்காதவர்.

செய்தி இதுதான். உன் மச்சான் ஊராட்சித் துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்யப் போகிறார். காரணம், அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஒருவர். அந்த மனிதர் செத்து நூற்றுப்பத்து வருஷம் ஆகிறது. அவரைப் பற்றிப் பேச்செடுத்தது நான், அவருடைய போட்டோவை அனுப்பியது நீ. ஆகவே கடல் தாண்டி இருக்கிறோம் என்று நீ ஒதுங்கிக்கொள்ள முடியாது.

உன் மச்சான் துணைத் தலைவரான கதை உனக்குத் தெரியும். 2006 தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள், பஞ்சம்மாள் நின்று ஜெயித்தாள். பக்கத்து ஊர்களில் மனைவி ஜெயித்தால் நாற்காலியில் புருஷன் உட்காருவான். இங்கே பஞ்சம்மாளின் வீட்டுக்காரர் அம்மாவாசி ஊராட்சி அலுவலகத்துக்குள் ஒரே ஒரு தடவைதான் போனார், அதுவும் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது. "வச்சுட்டு வெளிய நில்லு" என்று சொல்லிவிட்டாள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா, அதற்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்று சட்டையைப் பிடிக்கும் நிலைமை வந்ததும், ஊரில் யாரோடும் சண்டை போடாத ஒரே உறுப்பினர் என்ற தகுதியில் உன் மச்சான் அழகுமலையை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஐம்பத்தாறு வயது வரை 'பெரியவரோட தம்பி' என்றும், எனக்குக் கல்லூரி வேலை கிடைத்த பிறகு 'புரொபசர் வீட்டுக்காரர்' என்றும் அறியப்பட்ட மனிதர். பழனிசெட்டிபட்டி பஸ் நிறுத்தத்தில் என் மாணவிகள் எழுந்து அவருக்கு இடம் கொடுப்பார்கள், அதுகூட என் பெயரில்தான். அவருக்கே சொந்தமாகக் கிடைத்த முதல் பட்டம் இது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பட்டம் கிடைத்ததே தவிர வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. காசோலையில் பஞ்சம்மாளோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் நீட்டுவாள், இவர் போடுவார். மற்றபடி எந்த விழாவாக இருந்தாலும் அழைப்பிதழில் தலைமை ஒருவர், முன்னிலை நாலு பேர், வாழ்த்துரை எட்டுப் பேர், கடைசியில் பொடி எழுத்தில் 'நன்றியுரை: துணைத் தலைவர்.' நன்றியுரைக்கு அவர் எழுந்திருக்கும்போது கேட்க ஆள் இருக்காது. பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருப்பார். சத்துணவுக் கூடத் திறப்பு விழாவில் இவர் "வருகை தந்துள்ள பெரியோர்களே" என்று ஆரம்பிக்க, பந்தல்காரர், "அண்ணே, மைக்க அவுக்கணும், சொருக்கா முடிங்க. சங்கராபுரத்துல காதுகுத்து வேற இருக்கு" என்றிருக்கிறார். இவர் பந்தல்காரருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து மக்காச்சோளக் கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தோம். முகம் தொங்கிப் போயிருந்தது. ஆறுதலாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்கே தெரியும். தெரிந்தது சரித்திரம். அதனால், "அமெரிக்காவில் முதல் துணை ஜனாதிபதியாக இருந்தவரே இதைவிட உபயோகமில்லாத பதவியை மனிதன் கண்டுபிடிக்கவில்லை என்று பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதிப் புலம்பியிருக்கிறார்" என்றேன்.

கதிரை உதிர்க்கும் கை நின்றது. "பொண்டாட்டிகிட்டயா சொன்னாரு?"

"வேற யாரு கேப்பா?"

"அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்கக் கேட்க நானும் சொல்லிக்கொண்டே போனேன். கென்டக்கிக்காரர் ஒருவர், பதவியில் இருக்கும்போதே ஊரில் சத்திரமும் சாராயக் கடையும் சேர்ந்த மாதிரி ஒன்றை நடத்தினார் என்றேன். "வருமானம் எப்புடி?" என்றார். லிங்கனின் துணை ஜனாதிபதி உள்நாட்டுப் போர் நடக்கும்போது தன் ஊர்க் காவல் படையில் சாதாரணச் சிப்பாயாகப் போய்ச் சமையல் செய்தார் என்றேன். "நாங்கூட கோயில் பொங்கலுக்கு அண்டா எறக்கியிருக்கேன்" என்றார். 1925இல் ஒருவர், இன்றைக்கு ஓட்டெடுப்பு இருக்காது என்று நம்பி மத்தியானம் ஓட்டலுக்குப் போய்க் கண்ணயர்ந்துவிட, செனட் சபையில் சரிக்குச் சரியாக ஓட்டு விழுந்து, அதைத் தன் ஓட்டால் முறிக்க வேண்டியவர் வாடகைக் கார் பிடித்து ஓடி வருவதற்குள் ஒரு உறுப்பினர் மனம் மாறிக் காரியம் கெட்டுப்போனது என்றேன். அன்றோடு உன் மச்சான் மத்தியானத் தூக்கத்தை விட்டார். சாப்பிட்டவுடன் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். நம் ஊராட்சியில் சரிக்குச் சரி ஓட்டு விழுவதற்கு முதலில் ஓட்டெடுப்பு நடக்க வேண்டும். அங்கே பஞ்சம்மாள், "எல்லாருக்கும் சம்மதந்தான?" என்பாள். சம்மதம்தான்.

எல்லாவற்றிலும் அவரை மிகவும் பாதித்தது வாலஸ். சிறு வயதிலிருந்தே மக்காச்சோளத்தை ஒட்டுச் சேர்த்து வீரிய விதை உண்டாக்கியவர், பிறகு துணை ஜனாதிபதியானார், அவர் மெக்சிகோவுக்குப் போய்வந்ததை ஒட்டித் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியாகத்தான் அறுபதுகளில் நம் நாட்டுக்குக் குட்டைக் கோதுமை வந்து சேர்ந்தது என்று சொன்னபோது, மடியில் கிடந்த கதிரை எடுத்து ஏதோ தாயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நம்ம மேட்டுக்காட்டுச் சோளத்துக்குப் பின்னால ஒரு துணைத் தலைவரா!" என்றார். துணை ஜனாதிபதி என்று நான் திருத்தினேன். "எல்லாம் ஒன்னுதான்" என்றார்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தவர்தான் நம்முடைய காரெட் ஹோபார்ட். உங்கள் நியூ ஜெர்சிக்காரர் என்பதால் சொன்னேன், வேறு உத்தேசம் எனக்கில்லை. 1897இல் பதவிக்கு வந்தவர். வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்துக் குடியிருந்தார், ஜனாதிபதி எதையும் அவரைக் கேட்காமல் செய்யமாட்டார், உதவி ஜனாதிபதி என்றே பேர் வாங்கினார். பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தரலாமா என்ற தீர்மானத்தில் சரிக்குச் சரியாக ஓட்டு விழுந்தபோது, வேண்டாம் என்று முறித்தது அவர் ஓட்டுதான். அது நல்ல காரியமில்லை என்றும் நான் சொன்னேன். உன் மச்சான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதவியில் இருக்கும்போதே ஹோபார்ட் செத்துப்போனார். காலியான அந்த இடத்துக்குத்தான் ரூஸ்வெல்ட் வந்தார், அடுத்தாற்போல் ஜனாதிபதியைச் சுட்டுவிட்டதால் ஜனாதிபதியும் ஆனார். "அப்ப இவரு மட்டும் நல்லா இருந்திருந்தா இவருதான் ஜனாதிபதி" என்று சொல்லி, சொந்தப் பங்காளி செத்துப்போனது போல உச்சுக்கொட்டினார். அந்த வாரமே உனக்குப் போன் செய்து அவர் படம் கேட்டார். நீயும் பாட்டர்சன் நகராட்சி வாசலில் இருக்கும் அவர் சிலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம், பழைய போட்டோ ஒன்று, இரண்டையும் அனுப்பிவைத்தாய். தம்பி, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொங்கல் வந்தது. உன் மச்சான் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஃபிளக்ஸ் வைக்க முடிவு செய்தார். இங்கே ஃபிளக்ஸுக்கு ஒரு முறை உண்டு, வாழ்த்துச் சொல்கிறவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பார், அவர் தலைக்கு மேலே அவருடைய தலைவர்கள் வட்ட வட்டமாகச் சிரிப்பார்கள். ஊராட்சித் தேர்தலில் கட்சி கிடையாது, உன் மச்சானுக்கு வெளியிலும் கட்சி கிடையாது. ஃபிளக்ஸ் கடை மாரிசெல்வம், "மேல யாரண்ணே போட? மொட்டையா இருக்கே" என்று கேட்டிருக்கிறார். இவர் சட்டைப்பையிலிருந்து ஹோபார்ட்டை எடுத்துக் கொடுத்தார். "ஆரு இது?" "நம்ம ஆளுதான்." பேர் போடவா என்று கேட்டதற்கு, தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டாராம். இந்தப் பள்ளத்தாக்கில் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

ஃபிளக்ஸை வாய்க்கால் பாலத்தில் கட்டினார்கள். மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், உன் மச்சான் ஓடி வந்தார். ஓடியே பல வருஷம் ஆகியிருக்கும். "தேவயானி, வந்து பாரு, வந்து பாரு" என்கிறார். போனேன். பாலத்தடியில் வரிசையாகப் பொங்கல் பானைகள். ஹோபார்ட்டுக்கு மாலை, நெற்றியில் சந்தனம். பெண்கள் குலவை போடுகிறார்கள். உன் மச்சான் கண் கலங்கி, "நீ சொன்ன கதை ஊரு பூராம் பரவிருச்சு போல" என்று என் காதில் சொன்னார்.

அந்த நேரத்தில் பாசன சங்கத் தலைவர் சுருளியாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவரை அப்படியே கட்டிக்கொண்டார். "ஏலே அழகுமலை! முல்லப்பெரியாத்துத் தண்ணியக் குடிச்சு வளந்த பயக எத்தன பேரு ஃபிளக்ஸு வச்சானுக. ஒரு பயலுக்குத் தோணுச்சா, பென்னிகுவிக் தொர படத்தத் தலைக்கு மேல வைக்கணும்னு? உனக்குத்தான்யா தோணியிருக்கு!"

உனக்கு விளங்கிவிட்டதா? ஊரில் பென்னிகுவிக்கின் படம் ஒன்றே ஒன்று, டீக்கடையில் தொங்குகிறது. அடுப்புப் புகை படிந்து படிந்து அதில் இப்போது மீசை மட்டும்தான் தெரியும். ஹோபார்ட்டுக்கும் மீசை. அதே காலத்துக் கோட்டு. வெள்ளைக்காரர். இந்தப் பள்ளத்தாக்கில் மீசை வைத்த வெள்ளைக்காரர் வேறு யாராக இருக்க முடியும்? சொத்தை விற்று அணை கட்டினார் என்பதற்கு ஆதாரம் என்ன என்று வகுப்பில் ஒருமுறை கேட்டுவிட்டு, ஒரு மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவள் நான். இந்த விஷயத்தில் ஊரைத் திருத்தும் தைரியம் எனக்கு இல்லை. உன் மச்சானும் வாயைத் திறக்கத்தான் பார்த்தார். "சொல்ல வந்தேன், மாலையப் போட்டுட்டாக. மறுபடி சொல்ல வந்தேன், வாயில பொங்கல வச்சுட்டாக" என்றார் வீட்டுக்கு வந்து.

அன்று முதல் அவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார். சங்கக் கூட்டத்தில் முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். மடைத் தகராறு வந்தால் "அழகுமலையண்ணே வரட்டும்" என்று காத்திருந்தார்கள். அவர் போய் நின்றால் உண்மையிலேயே இரண்டு தரப்பும் குரலைத் தணித்துக்கொள்வதை நானே பார்த்தேன். ஒருநாள் பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்து, "உக்காருங்கம்மா, நீங்க துணைத் தலைவர் வீட்டம்மாதான?" என்றாள். வீட்டில் இதைச் சொன்னேன். உன் மச்சான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அங்கே நின்று சீட்டியடித்தது எனக்குக் கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுத வேண்டியிருக்காது. வெயிலில் ஃபிளக்ஸ் வெளுக்கத் தொடங்கியதும் சுருளியாண்டி, "தொர கரைஞ்சு போறாரு, சிலையா வச்சுப்புடுவோம்" என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார். கோயில் கோபுரத்துக்குச் சுதை வேலை செய்யும் கருத்தக்கண்ணனை அழைத்தார்கள். மாதிரிக்கு அந்த ஃபிளக்ஸைத்தான் கொடுத்தார்கள். கருத்தக்கண்ணன் நல்ல வேலைக்காரர், ஆனால் முப்பது வருஷமாகக் கருப்பசாமியைத் தவிர வேறு மனிதரைச் செய்ததில்லை.

"படத்துல நெஞ்சு வரைக்குந்தான இருக்கு. கீழ என்ன, வேட்டியா?"

"தொர எப்பிடிய்யா வேட்டி கட்டுவாரு? பேண்டு போடு."

"கையில என்ன குடுக்க? வெறுங்கையா விட்டா பாக்க நல்லாருக்காது. அருவா குடுத்துப் பழகிட்டேன்."

"அணை கட்டுன மனுசனுக்கு அருவா எதுக்கு? பிளானு சுருட்டி வச்சிருக்கிற மாதிரி குடு."

கொடுத்தார். சுருட்டிய வரைபடம் உலக்கை கனத்துக்கு வந்திருக்கிறது. மீசையை முறுக்கி விட்டுவிட்டார், கண்ணை உருட்டி விட்டுவிட்டார், வெள்ளைக்காரர் என்பதால் முகத்துக்கு ரோஸ் கலர் அடித்துவிட்டார். பாட்டர்சனில் இருக்கும் ஹோபார்ட்டின் சிலையை நீ அனுப்பிய படத்தில் பார்த்திருக்கிறேன், அடக்கமான வக்கீல் மாதிரி இருக்கிறார். இங்கே இருப்பவர் கிடா வெட்டினால் வாங்கிக்கொள்வார். ஆனாலும் மூக்கும் நெற்றியும் அப்பட்டமாக ஹோபார்ட்தான். அது கருத்தக்கண்ணனின் கெட்டிக்காரத்தனம். உன் மச்சான் காலையிலும் சாயங்காலத்திலும் போய்ச் சிமெண்டு வெடிக்காமல் இருக்கச் சிலைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு முறையும் குற்றவாளி மாதிரி திரும்பி வந்தார்.

ஜூன் முதல் வாரம், முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் சிலை திறப்பு. சிறப்பு விருந்தினராக மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அவர் போனில் சுருளியாண்டியிடம், "பென்னிகுவிக் படம் என் மேஜைக்கு எதிரே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மாட்டியிருந்தது. கண்ணை மூடினாலும் அந்த முகம்தான். உங்கள் சிலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். சுருளியாண்டி இதைச் சந்தோஷமாக வந்து எங்களிடம் சொன்னார். அவர் போனதும் உன் மச்சான் கட்டிலில் படுத்து மேலே போர்த்திக்கொண்டார். சித்திரை வெயிலில்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், சொன்ன பிறகு பதவியில் இருக்க முகமில்லை, அதனால் முதலில் ராஜினாமா, பிறகு உண்மை என்று வரிசை போட்டுவைத்திருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிவிட்டார். என்னிடம் பிழை பார்க்கக் கொடுத்தார். 'உடல்நிலை காரணமாக' என்று எழுதியிருந்தது. "உடம்புக்கு என்ன?" என்றேன். "இனிமே வரும்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன், தம்பி. அந்தப் பதவியைக் கேலி செய்தவள் நான்தான். வேலையே இல்லாத ஒரு பதவி, யாரும் கேட்காத ஒரு நன்றியுரை, அது போனால் எனக்கென்ன என்று சொல்லக்கூடியவள். ஆனால் மடையில் இரண்டு பேர் அரிவாளோடு நிற்கும்போது நடுவில் போய் நின்று பேசுகிற மனிதரை நான் இந்த நாலு மாதத்தில்தான் பார்த்தேன். அவர் மறுபடியும் கட்டிலும் ரேடியோவுமாகப் புரொபசர் வீட்டுக்காரராகத் திரும்பி வருவது எனக்குப் பிடிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷமாக வராதது இனி எங்கே வரப் போகிறது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது. கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய். நான் எழுதியதாகச் சொல்லாதே, தானாகவே பேச்சு வந்தது போல வரட்டும். அமெரிக்கத் துணை ஜனாதிபதிகளில் இதுவரை ராஜினாமா செய்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் ஜனாதிபதியோடு ஒத்துப்போகாமல் சபைக்குப் போகிறேன் என்று விலகினார், இன்னொருவர் வரி வழக்கில் மாட்டிக்கொண்டு விலகினார், சிலை மாறிப்போனதற்காக யாரும் விலகியதில்லை என்று சொல். ஹோபார்ட் வியாதியாகக் கிடந்தபோதுகூட ராஜினாமா செய்யவில்லை என்றும் சொல், அது அவருக்கு உறைக்கும். சிலையை என்ன செய்வது என்று கேட்டால், எல்லாப் பழியையும் உன்மேல் போட்டுக்கொள். தவறான படத்தை அனுப்பிவிட்டேன் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பு, பொறியாளர் வருவதற்கு முன்னால் அதைச் சங்கத்தில் படித்துவிடலாம். நீ பத்தாயிரம் மைல் தள்ளி இருக்கிறாய், ஊர் உன்னை என்ன செய்துவிடும்? அடுத்த முறை நீ வரும்போது சுருளியாண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஹேமாவதிக்கு என் விசாரிப்புகள். குழந்தை விஜி தமிழ் எழுதப் பழகுகிறாளா? அவளுக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதமும். சுருளி அருவியில் குளித்ததாக நினைத்துக்கொண்டு எல்லாரும் நோய்நொடியின்றி இருங்கள். குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. மே மாதத்தில் அங்கே குளிர் இல்லை என்று போனமுறை நீ எழுதினாய், இருந்தாலும் அக்கா என்பதால் சொல்கிறேன்.

அன்புள்ள அக்கா,
தேவயானி

பின்குறிப்பு: மே 13. உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்யாதே. போனும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

நேற்றுக் காலை உன் மச்சான் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ராஜினாமாவோடு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன், எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. பஞ்சம்மாள் வாய்க்கால் பாலத்தில் சிலைப் பீடத்தைச் சுற்றித் தளம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுருளியாண்டியும் சங்கத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். இவர் அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார்: "இது பென்னிகுவிக் தொர இல்ல. அமெரிக்காவுல துணை ஜனாதிபதியா இருந்த மனுசன். தப்பு என்னோடது. மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லல. என்னைய மன்னிச்சுருங்க." இத்தனை வருஷத்தில் அவர் பேசி முடிக்கும் வரை யாரும் நாற்காலி அடுக்காத ஒரே பேச்சு அதுதான்.

சுருளியாண்டி சிலையை அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணிக்கு ஏதும் கெடுதல் பண்ணுன ஆளா?" என்றார்.

"அப்பிடி ஒன்னுமில்ல."

எனக்குப் பிலிப்பைன்ஸ் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"பொங்க வாங்கிட்டாரே, இனி எறக்குனா நல்லாருக்காது" என்றார் ஒருவர். பஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பீடத்தை அளவெடுப்பது போலப் பார்த்தாள். "எறக்க வேணாம். இங்கன, இவருக்கு வலப்பக்கமா இன்னொரு பீடங் கட்டுங்க. அந்த எஞ்சினீயரய்யா கிட்டயே பென்னிகுவிக் படம் வாங்கி, தொரைய ஒரு சாண் ஒசரமா நிறுத்துவோம். இவரு பக்கத்துல நிக்கட்டும். அம்மாம்பெரிய மனுசனுக்கு ஒரு துணை வேணாமா? நான் நிக்கேன், அழகுமலையண்ணன் கூட நிக்காக, அதுமாதிரி" என்றாள். பிறகு, "என்னண்ணே கையில?" என்று கேட்டு இவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். படித்தாள். திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "நல்ல வேள, பேப்பரு கொண்டாந்தீக" என்று சொல்லி, புதுப் பீடத்துக்கு வேண்டிய செங்கல், சிமெண்டு, மணல் எல்லாவற்றையும் அதன் பின்னால் எழுதிக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டாள். உன் மச்சானின் ராஜினாமா இப்போது கொத்தனார் சட்டைப்பையில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்கவும் முடியாது, அவர் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார்.

கருத்தக்கண்ணன் கல்வெட்டில் என்ன எழுத என்று கேட்டார். "தொர பேரு தெரியும். பக்கத்துல நிக்கிறவரு பேரு?"

"பேரெல்லாம் வேணாம்ப்பா" என்றார் உன் மச்சான். "அவுகளுக்கு அது பழக்கந்தான்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, 'ஹோபார்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கருத்தக்கண்ணன் கையில் கொடுத்தேன். உன் மச்சான் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டேன். கருத்தக்கண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இனிஷியல் என்னம்மா? அப்பன் பேரு இல்லாம கல்லுல வெட்டுனா, நாளைக்கு ஊரு என்னையக் கேக்கும்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு படித்தும் அதைப் படிக்கவில்லை. எனவே தம்பி, இது கிடைத்தவுடன் ஹோபார்ட்டின் தகப்பனார் பெயர் என்ன என்று விசாரித்துச் சொல். போனிலேயே சொல். உன் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.